கேட்காமல் வைத்த காப்பி

அன்பு மாறாத அண்ணாச்சிக்கு,

மழை வராமல் கரமனையாற்றை ஆட்கள் கால்முட்டு நனையாமல் நடந்து கடந்தார்களே, பகலில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை முழுக்க விசிறியும் கையுமாகத் திரிந்ததே, அந்த வருஷம். கிரிக்கெட்டில் நம் ஆட்கள் முதல் தடவையாக உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன மறுநாள், பஸ் ஸ்டாண்டில் டிரைவர்மார் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த லட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் முதல்முதலாக எங்கள் காப்பிக் கடைக்குள் வந்தீர்கள். காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அந்தக் கடையில் மேஜைக்குக் காப்பி கொண்டுவைக்கும் வேலையில் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. எழுத்துத் தெரியாதவனுக்கு வருஷம் இப்படித்தான் மனசில் நிற்கிறது.

இதை எழுதித் தருவது, ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பெண். நான் பேசுவதை அவள் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே போகிறாள். ஆக்கட்டும். எதையும் விடக் கூடாது, நல்லதாக எதையும் சேர்க்கவும் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வருகிற வாரம் உங்களுக்கு வருஷத் திதி. உங்களோடு பழகினவர்களிடம் நாலு வார்த்தை வாங்கி, சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். "முத்துவும் சொல்லணும்" என்று கோமதி மதினி ஆள் விட்டிருந்தார்கள். உங்கள் வீட்டம்மா கேட்டு நான் எப்படி மாட்டேன் என்பது?

அந்த முதல் நாள் உங்கள் காப்பி பாதிதான் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. விதுரா வண்டி டிரைவர் ஹாரனை அமுக்கிவிட்டார். டம்ளரை வைத்துவிட்டு ஓடினீர்கள். கல்லாவிலிருந்த பெரிய முதலாளி, "கண்டக்டரே, மீதிய வந்து குடிங்க" என்று சத்தம் கொடுத்தார். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் விதுரா போய்த் திரும்பி, உச்சி வெயிலில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க என் மீதி?" என்றீர்கள். கடையே சிரித்தது. நான் புதிதாக அரை டம்ளர் கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு காப்பி, இரண்டு அரை. வண்டி எடுக்கும் முன்னால் ஒரு அரை, வந்த பிறகு ஒரு அரை. டிக்காஷன் தூக்கலாக, சர்க்கரை அரைக்கரண்டி, ஆற்றாமல், டம்ளரை வெந்நீரில் அலசி. இதை நீங்கள் என்னிடம் ஒருதடவை சொன்னீர்கள். இரண்டாவது தடவை சொல்ல நான் விட்டதே இல்லை.

பெரிய முதலாளி வைத்திருந்த சட்டம் அது. "முத நாளு கேளு. ரெண்டாம் நாளும் கேட்டா, அவன் மூஞ்சிய நீ பாக்கலைன்னு அர்த்தம்." எனக்கு அது சுலபமாக வந்தது. காகிதத்தில் எழுதிவைக்கத் தெரியாதவன் தலைக்குள்தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் வாசல் படியில் கால் வைக்கும்போதே அவன் காப்பி எனக்குத் தெரியும். கேட்காமல் வைப்பதுதான் மரியாதை என்று நாற்பது வருஷம் நம்பியிருந்தேன், அண்ணாச்சி.

நீங்களும் அப்படித்தானே. உங்கள் வண்டியில் ஏறுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டீர்கள், ஆளைப் பார்த்தே சீட்டைக் கிழித்துவிடுவீர்கள். ஒருநாள் கடையில் வைத்து நமக்குள் பந்தயம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் உள்ளே வந்தார். "நெடுமங்காடு, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு" என்றீர்கள். "சர்க்கரை ரெண்டு, பால் தூக்கல்" என்றேன். அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே நின்று, "நிங்களு ரெண்டு பேரும் போலீஸாணோ?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் லட்டு நிறத்தில் இருந்த உங்கள் முகம் சிவந்துபோயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்த பேர் "டேய்". பழகிவிட்டது. ஒருதடவை பக்கத்து மேஜைக்காரன் "டேய், இவிடே வாடா" என்றான். நான் போகத் திரும்பினேன். நீங்கள் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டேய்னு இங்க ஆரும் வேலை பாக்கலை கேட்டியா. முத்துன்னு ஒருத்தர் உண்டு. அவரை வேணும்னா கூப்பிடும்" என்றீர்கள். கோபமே இல்லாமல் சொன்னீர்கள், சீட்டுக் கிழித்துக் கொடுப்பதுபோல. அவன் அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் என்னை முத்து என்றான். நீங்கள் மட்டும் நாற்பது வருஷமும் என்னை வாங்க போங்க என்றீர்கள். என் சொந்த அண்ணன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பென்ஷன் ஆன பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. காலையில் கரமனையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவீர்கள். முதல் அரையைக் குடிப்பீர்கள். எழுந்துபோய் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி, எந்த வண்டி நேரத்துக்கு எடுத்தது, எது எடுக்கவில்லை என்று பார்ப்பீர்கள். திரும்பி வந்து அடுத்த அரை. "சர்வீஸ்ல இல்லாட்டியும் டிரிப் அடிக்கணும்லா முத்து" என்பீர்கள்.

இனிமேல் சொல்வதெல்லாம் சொல்லத் தோதில்லாதது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஓணம் கழிந்து கொஞ்ச நாளில், காப்பியைக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் டம்ளரைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்டீர்கள். "உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றேன். "அப்படியா" என்று குடித்தீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன். இன்னொரு நாள் என்னை உங்கள் பழைய டிரைவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஸ்டாண்டைச் சுற்றப் போனவர் திரும்பி வராமல் நெய்யாற்றின்கரை வண்டிப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள். நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பிறகு தினமும் கூட்டிவந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உங்கள் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணிக்கொண்டேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் மறந்தால் என்ன, எனக்குத்தான் தெரியுமே. நான் கேட்காமல் வைத்தேன், நீங்கள் சொல்லாமல் குடித்தீர்கள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் எப்போதும்போல இருந்தது. மதினிக்கும் அப்படித்தான். காலையில் கிளம்பிப் போகிறார், காப்பி குடித்துவிட்டு வருகிறார், ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். உங்கள் மறதியை வெளியே தெரியாமல் மூடிவைத்தது என் ஞாபகம்தான், அண்ணாச்சி. அப்போதே மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். குறைந்தபட்சம், உங்களைத் தனியாக வெளியே விட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய முதலாளி கொரோனாவில் போன பிறகு கடையை அவர் மகன் எடுத்ததும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதும் உங்களுக்குத் தெரியும். மேஜைக்குப் போய்க் காப்பி வைக்கிற வேலை நின்றுபோயிற்று. எல்லாரும் கவுண்டரில் நின்று, தொடுகிற கண்ணாடியில் கணக்குப் போடும் மலையாளப் பெண்ணிடம் சொல்லி, பேர் கொடுத்து, கூப்பிடும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு மேஜை துடைக்கிற வேலை. அப்படியிருந்தும் உங்கள் காப்பியை மட்டும் நான் உள்ளே போய் மாஸ்டரிடம் சொல்லி வாங்கி வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வரிசையில் நின்ற அம்மா ஒருத்தி, நான் முதலில் வந்தேன், அந்த ஆளுக்கு மட்டும் எப்படி முதலில் கிடைத்தது என்று கேட்டுவிட்டாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

அன்று முதலாளி மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முத்தண்ணே, ஒரு காரியம் சொல்றேன், விஷமிக்கண்டா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான். உங்களுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு இங்க கிடையாது. கவுண்டர் பக்கம் நீங்க வாய் திறக்காதீங்க. அது முடியாதுன்னா மாடி ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கடைக்கு மேலே நான் படுக்கிற அந்த மாடி அறையில் ஒரு பாயும் ஒரு பெட்டியும் ஒரு ஜன்னலும்தான். அதை விட்டால் எழுபது வயசில் எங்கே போய்ப் படுப்பேன்? சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். இடையில் இரண்டு நாள் மதினிக்குக் காய்ச்சல், நீங்கள் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. உங்கள் மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தீர்கள். காத்திருந்தீர்கள். நான் வேறு மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தேன். வேலைக்கு நிற்கிற ஒருத்தன் வந்து, கவுண்டரில் போய்ச் சொல்லுங்கள் என்று உங்களிடம் கையைக் காட்டினான். நீங்கள் எழுந்து, வரிசையில் நின்று, உங்கள் முறை வந்தபோது அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றீர்கள்.

அவள் கெட்ட பெண் இல்லை. சிரித்த முகமாகத்தான் கேட்டாள். "அங்கிளே, எந்தா வேண்டே? ஸ்ட்ராங்கோ லைட்டோ? ஷுகர்?"

நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"பேரு பறஞ்ஞா மதி அங்கிளே. பேரு எந்தா?" பேரைச் சொன்னால் போதும் என்றாள்.

உங்கள் கை இடது தோளைத் தடவியது. அங்கே பை இல்லை. பை இல்லாமல் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. பிறகு நீங்கள் அவளிடம் ரொம்பத் தணிவாக, "எங்க எறங்கணும்?" என்று கேட்டீர்கள்.

பின்னால் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். "அங்கிளே, இது பஸ்ஸல்ல" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், "டபிள் பெல் கொடுக்கடா, போகட்டே" என்றான், வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் மணி அடிப்பதுபோல. அந்தப் பெண் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள். உங்களிடம் திரும்பவும் கேட்டாள். உங்களுக்கு என்ன வேண்டும்?

அண்ணாச்சி, அப்போது நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் இந்தத் திருவனந்தபுரத்திலேயே நான் ஒருத்தன்தான். டிக்காஷன் தூக்கல், சர்க்கரை அரைக்கரண்டி, இப்போது ஒரு அரை, அப்புறம் ஒரு அரை. பேர் சங்கரலிங்கம். சொல்லி முடிக்க மூச்சு ஒன்று போதும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது நீங்கள் வாசலில் இருந்தீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மழையில் ரோட்டைக் கடந்து, ஸ்டாண்டின் கிழக்கு மூலைக்கு நடந்தீர்கள். போர்டு படிக்கத் தெரியாவிட்டாலும் அங்கே விதுரா வண்டிதான் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓடிவந்து கையைப் பிடித்திருக்கலாம். இத்தனை மாசம் தினமும் பிடித்த கைதானே. கவுண்டரில் மகன் நின்றுகொண்டிருந்தார். நான் துணியைப் பிழிந்து இன்னொரு மேஜைக்குப் போனேன்.

மத்தியானம் மதினி ஆட்டோ பிடித்து வந்தார்கள். காய்ச்சல் முகம், தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் அந்தக் கடைப் படி ஏறினதே இல்லை. நேராக என்னிடம் வந்தார்கள்.

"முத்து, அவுக வந்தாகளா?"

"வந்தாக மதினி."

"காப்பி குடிச்சாகளா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவுண்டர் பெண்ணும் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியாது.

"எப்பவும்போல குடிச்சாக. நாந்தான் வச்சேன். நல்லாப் பேசிட்டுத்தான் போனாக."

மதினி அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். முகத்தில் பயம் போய்விட்டது. "அப்பம் கோயில் பக்கம் போயிருப்பாக. மழைக்கு ஒதுங்கி நிப்பாக. நான்தான் கிடந்து பதறுதேன்" என்றார்கள். கோயிலைச் சுற்றித் தேடினார்கள். தெரிந்த வீடுகளில் கேட்டார்கள். நன்றாகப் பேசிவிட்டுப் போன மனுஷன்தானே, வந்துவிடுவார் என்று சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டுத்தான் போலீஸுக்குப் போனார்கள். விதுராப் பக்கம் தேட யாருக்குத் தோன்றும்? தோன்ற வேண்டியவன் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் விதுரா சந்தையில், பூட்டிக்கிடந்த ஒரு கடை வாசலில் நனைந்து சுருண்டு கிடந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒன்பது நாள் நினைவில்லாமல், வாய் வழியாக ஒன்றும் இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நான் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன், அண்ணாச்சி. உள்ளே வரவில்லை. விதுராவுக்கு எதற்காகப் போனீர்கள்? டிரிப் அடித்துவிட்டு வந்தால் முத்து காப்பி வைப்பான் என்று நினைத்தீர்களா? யாரிடம் கேட்பது.

உங்களைத் தூக்குகிற அன்றைக்கு மதினி என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கி முன்னால் கூப்பிட்டார்கள். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார்கள். "இவந்தான் முத்து. தண்ணி தவிச்சுச் சாகலை அவுக. கடைசியா வயித்துல இறங்கினது இவன் கையால வச்ச காப்பிதான்." ஆட்கள் என்னைக் கும்பிட்டார்கள். உங்கள் மச்சினர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை இன்னமும் நான்தான் வைத்திருக்கிறேன். அதைக்கொண்டுதான் சோறு தின்கிறேன்.

மதினி இந்த ஒரு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். துக்கம் கேட்க யார் வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். பொங்கலுக்கு எனக்கு வேட்டி கொடுத்துவிட்டார்கள். கட்டவில்லை, பெட்டியில் இருக்கிறது.

கடை விவரம் சொல்ல வேண்டுமானால், உங்கள் மூலையில் இப்போது மேஜை இல்லை. சுவரோரம் பலகை அடித்து உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்கிறவர்களின் கால் தரையில் படாது. நீங்கள் போய் இரண்டு மாசம் கழித்து, வயசான ஒருத்தர் கவுண்டரில் அதேபோலத் திணறினார். என்னை அறியாமல் போய், "இவருக்கு வித்தவுட், பால் கம்மி" என்று சொல்லிவிட்டேன். மகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். அவர், "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பார், சரிண்ணே என்று. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எதைக் காப்பாற்ற உங்களை விட்டேன் என்று கேட்டால், என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போது மதினி இன்னொன்று கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். திதி அன்றைக்கு நான் கரமனைக்கு வந்து, என் கையால் காப்பி போட்டு உங்கள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். "கடைசியா வச்ச கைதானே வைக்கணும்" என்றார்களாம். ஜெராக்ஸ் கடைப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "தாத்தா, அவங்ககிட்டச் சொல்லாதீங்க. இந்த வயசுல அவங்களுக்கு இருக்கது அது ஒண்ணுதான். உங்க பாரத்தை இறக்கி அவங்க தலையில வைக்கப் போறீங்களா?" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நானும் ஒரு வருஷமாக அதைச் சொல்லித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். அவர்களுக்கு எது நல்லது என்று அவர்களைக் கேட்காமல் நானே முடிவு செய்து முடிவு செய்துதான், அண்ணாச்சி, இது இங்கே வந்து நிற்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திதிக்கு முந்தின நாள் காலையில், சொந்தக்காரர்கள் வந்து சேரும் முன்னால், நான் வீட்டுக்கு வருவேன். கவுண்டரில் நடந்தது, நான் குனிந்தது, நீங்கள் கிழக்கு மூலைக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது, மதினியிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொல்வேன். வேட்டியைக் கையோடு கொண்டுவருவேன். அதன் பிறகு இந்தக் காகிதம் அச்சுக்குப் போகலாமா, படத்துக்கு முன்னால் யார் காப்பி வைப்பது, நான் அந்த வாசலில் நிற்கலாமா கூடாதா என்பதை மதினி சொல்லட்டும். வெளியே போ என்றால் போவேன். மன்னிப்பு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வரமாட்டேன்.

பெரிய முதலாளி இருந்தால் அவர் காலில் விழுந்து சொல்லியிருப்பேன், அவர் இல்லை. ஹாரன் அடித்து உங்களை ஓடவைத்த டிரைவர் இல்லை. உங்களுக்குக் காப்பி கலந்த பழைய மாஸ்டர் போன ஆவணியில் போனார். நீங்கள் இல்லை. நான் பதில் சொல்ல வேண்டியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தர்தான், கோமதி மதினி.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
முத்து